தேதி கடந்த பிலிம்

(சென்னையில் ஒளிப்பட மாணவர்களும் ஆர்வலர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இருக்கும் மஞ்சள் அட்டைப்பெட்டி பின்வரிசை வரைக்கும் தெரிகிறதா? நாலுக்கு ஐந்து அங்குலக் கறுப்பு-வெள்ளை கட் பிலிம், அதாவது தாள் தாளாக வரும் பிலிம். மூடியின் விளிம்பில் இந்தத் தேதிக்குள் கழுவிவிடவும் என்று சின்ன எழுத்தில் போட்டு, 1974 ஜூலை என்று முத்திரை குத்தியிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையில் எடுத்துப் பார்க்கலாம். மூடியை மட்டும் தூக்கிவிடாதீர்கள், உள்ளே இன்னும் பிலிம் இருக்கிறது.

இப்படி ஒரு பெட்டி பழைய ஸ்டுடியோவிலோ, மூடிய அச்சகத்திலோ, காயலான் கடையிலோ கிடைத்தால் நம் ஆட்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் தேதியைப் பார்த்ததும் குப்பையில் போடுகிறார்கள். இன்னொரு சாரார் புதையல் கிடைத்ததாக நினைத்து, அன்று மாலையே கேமராவைத் தூக்கிக்கொண்டு மகாபலிபுரம் ஓடுகிறார்கள். இரண்டு பேருமே அந்த முத்திரைக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது என் கட்சி. அந்தத் தேதிவரை சரக்குக்குக் கம்பெனி பொறுப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிலிம் என்ன ஆனது என்பது அது கிடந்த அறைக்குத்தான் தெரியும். அறை வாய் திறக்காது. ஆகவே பிலிமையே சோதித்துப் பார்த்தாக வேண்டும். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்தச் சோதனையைப் பற்றியும், அது சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு எப்படிப் படம் எடுப்பது, எப்படிக் கழுவுவது என்பதைப் பற்றியும்தான்.

உள்ளே நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் தாளின்மேல் ஜெலட்டின் பூச்சு. அந்த ஜெலட்டினுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி புரோமைடு பரல்கள், கோடிக்கணக்கில். ஒரு பரலின்மேல் வெளிச்சம் பட்டதும் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு ஏதோ ஒரு புள்ளியில் சிக்கிக்கொள்கிறது. பரலுக்குள் அலைந்துகொண்டிருக்கும் வெள்ளி அயனி ஒன்று வந்து அதோடு சேர்ந்து, வெள்ளி அணுவாகிறது. 1938ல் கர்னி, மாட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் தந்த விளக்கம் இது. இப்படி நாலு அணு ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் போதும். டெவலப்பர் அந்தப் பரலை இனம் கண்டு முழுவதையும் கறுக்க வைத்துவிடும். சேராத பரல்களை ஹைப்போ கரைத்துவிடும். கறுத்ததும் கரைந்ததும் சேர்ந்துதான் நெகட்டிவ்.

இதில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த நாலு அணு சேருவதற்கு வெளிச்சம்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சூடு போதும். ஈரம், அறையில் உலவும் சில வாயுக்கள், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் கதிர்கள், எதுவும் போதும். வெளிச்சமே படாத பரலும் வெளிச்சம் பட்டதுபோல ஆகிவிடுகிறது. டெவலப்பருக்கு வித்தியாசம் தெரியாது. அதையும் கறுக்க வைக்கும். ஆக, படத்தில் எதுவுமே இருக்கக்கூடாத இடத்திலும் ஒரு சாம்பல் படிகிறது. இதை ஃபாக் என்பார்கள், நான் மூட்டம் என்கிறேன்.

மூட்டத்துக்கான விதை ஆலையிலேயே விதைக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. ஜெலட்டின் என்பது மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஒரே சூத்திரத்தில் செய்தாலும், ஒரு லாட் ஜெலட்டினில் வரும் பிலிம் வேகமாக இருக்கும், இன்னொரு லாட்டில் வருவது மந்தமாக இருக்கும். வருடக்கணக்கில் கம்பெனிகளைக் குழப்பிய விஷயம் இது. 1925ல் கோடக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் காரணத்தைப் பிடித்தார்: கடுகின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம். மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து அது ஜெலட்டினுக்குள் துளியூண்டு வந்து சேர்ந்திருந்தது. அந்தத் துளிதான் பரலின் மேல் வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளை உண்டாக்கி, அதை வெளிச்சத்துக்குக் கூர்மையாக்கியது. அதன்பின் கம்பெனிகள் தேவையான கந்தகத்தைத் தாங்களே அளந்து சேர்க்க ஆரம்பித்தன.

பிலிமுக்கு வேகம் கொடுக்கும் இந்த வேதிவினை பெட்டிக்குள் போன பிறகும் அடியோடு நின்றுவிடுவதில்லை. மெள்ள மெள்ள நடக்கிறது. அதை அடக்கிவைக்கும் பொருளை 1930களில் ஜெர்மனியில் ஆக்ஃபாவைச் சேர்ந்த பிர் என்பவர் கண்டுபிடித்தார். பிற்காலத்துப் பிலிம் பழையதைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேகம் அதிகமான பிலிம் சீக்கிரம் கெடுவதும் இதே கணக்கில்தான். பெரிய பரல், கூர்மையான பரல், சின்னத் தூண்டுதலுக்கும் விழித்துக்கொள்ளும் பரல். அது வெளிச்சத்துக்கு மட்டும் விழித்து, சூட்டுக்கும் கதிருக்கும் தூங்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

கதிர் என்றதும் ஒரு கதை. 1945ல் கோடக்கின் எக்ஸ்ரே பிலிமில் காரணம் தெரியாத புள்ளிகள் விழுந்தன. கம்பெனியின் இயற்பியலாளர் ஜூலியன் வெப் துப்புத் துலக்கினார். பழுது பிலிமில் இல்லை, பிலிம் தாள்களுக்கு இடையில் வைத்த வைக்கோல் அட்டையில் இருந்தது. அந்த அட்டை இண்டியானா மாநிலத்தில் வின்சென்ஸ் என்ற ஊரில், ஆற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் ஆலையில் செய்தது. அட்டைக்குள் கதிர்வீசும் சீரியம்-141 இருந்தது. ஜூலை 16ஆம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துப் பார்த்த முதல் அணுகுண்டின் தூசி, காற்றோடும் மழையோடும் வந்து அந்த ஆலைத் தண்ணீரில் கலந்திருந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் ரகசியமாக வெடித்ததை, திறக்காத பெட்டிக்குள் இருந்த பிலிம் பதிவு செய்துவிட்டது. வெப் இதை 1949ல் அறிவியல் இதழில் கட்டுரையாக வெளியிட்டார்.

குளிர்ப்பெட்டியில் வைத்தால் சூட்டைத் தடுக்கலாம், கதிரைத் தடுக்க முடியாது. ஆனாலும் சூடுதான் பெரிய எதிரி என்பதற்கு, வடதுருவப் பகுதியிலிருந்து ஒரு சாட்சி. 1897 ஜூலை 11ஆம் தேதி ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே, ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃபிராங்கெல் மூவரும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து பலூனில் வடதுருவம் நோக்கிக் கிளம்பினார்கள். மூன்றே நாளில் பலூன் பனிப்பாளத்தில் இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் பனிமேல் நடந்து, வெள்ளைத் தீவு என்ற ஒரு தீவில் மூவரும் இறந்துபோனார்கள். 1930ல் அங்கே போன நார்வேக் கப்பல்காரர்களுக்கு உடல்களோடு, கழுவாத பிலிமும் கிடைத்தது. 33 வருடம் பனியில் கிடந்தது. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அதைக் கழுவினார். சுமார் 240 காட்சிகளில் 93ஐ மீட்டார். சரிந்து கிடக்கும் பலூனின் முன்னால் இரண்டு பேர் நிற்கும் படத்தைப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள், அது இதிலிருந்து வந்ததுதான்.

மறுபக்கத்துச் சாட்சி நம் நாடு. தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிமுக்கு மாற்றாக 1948 வாக்கில் கோடக் டிரைஅசிட்டேட் பிலிமைக் கொண்டுவந்தது. பத்து வருடம் ஆவதற்குள், அது புளித்த நாற்றம் அடித்துச் சுருங்குகிறது என்று முதல் புகார் போனது இந்திய அரசிடமிருந்து. நம் வெக்கையும் ஈரமும் அந்தப் பிளாஸ்டிக்கையே வினிகராக்கிவிட்டன. ஆகவே பெட்டியை இருட்டில் திறந்ததும் முதல் வேலை மோந்து பார்ப்பது. வினிகர் வாடை அடித்தால் பிலிம் சுருங்கியிருக்கும், ஹோல்டரின் காடியில் உட்காராது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. விளிம்பில் சேஃப்டி என்ற சொல் இல்லாத, 1940களுக்கு முந்திய தாளாக இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கக்கூடும். அதை வீட்டில் வைக்காதீர்கள், விளையாடவும் விளையாடாதீர்கள். ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீரிலும் அணையாது.

ஊட்டியையும் இங்கே சொல்ல வேண்டும். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960ல் தொடங்கப்பட்டு, பிரான்ஸின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தியை ஆரம்பித்தது. இந்து என்ற முத்திரையில் கறுப்பு-வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், பிரிண்ட் பேப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தன. நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிம் அனுப்பிய ஆலை இன்று மூடிக்கிடக்கிறது. ஆனால் அதன் பெட்டிகள் இன்னும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடைக்கின்றன. குளிர்ந்த மலையில் செய்த பிலிம், கத்தரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் முப்பது வருடம் இருந்துவிட்டு உங்கள் கைக்கு வருகிறது. அதே லாட்டைச் சேர்ந்த இன்னொரு பெட்டி குன்னூரில் யாரோ ஒருவருடைய பீரோவின் அடித்தட்டில் இருந்திருக்கலாம். இரண்டிலும் தேதி ஒன்றுதான். பிலிம் ஒன்றாக இருக்குமா?

சரி, எந்தப் பெட்டியை வாங்கலாம்? பதில் சுருக்கமானது: மந்தமான பிலிமாகப் பார்த்து வாங்குங்கள். அச்சகங்களின் பிராசஸ் பிரிவில் இருந்த லித் பிலிம், பரல் அவ்வளவு நுணுக்கம், வேகம் அவ்வளவு குறைவு. ஆஃப்செட் பிளேட் நேராகக் கம்ப்யூட்டரிலிருந்தே வர ஆரம்பித்ததும் சிவகாசி முதல் சென்னைவரை அந்த டப்பாக்கள் அனாதையாகிவிட்டன. நாற்பது வருடம் ஆனதுகூட அநேகமாகப் பளிச்சென்று வருகிறது. வேகம் 100, 125 உள்ள சாதாரணக் கட் பிலிம் சோதித்து எடுக்கத்தக்கது. 400 என்றால் யோசிக்க வேண்டும். கோடக்கின் ராயல்-எக்ஸ் பான் என்று 1250 வேகத்தில் ஒன்று இருந்தது. அதை இன்று கழுவினால் கரித்துண்டுதான். பெட்டியின் அழகுக்காக வாங்கி அலமாரியில் வைக்கலாம்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்ன விவரம், இது தெரியாமல் பலர் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள். 1960ல் அமெரிக்கத் தரக்குழு கறுப்பு-வெள்ளை பிலிமின் வேகத்தை அளக்கும் முறையை மாற்றியது. அதுவரை, ஆள் தவறினாலும் படம் வரட்டும் என்று, பாதுகாப்புக்காக வேகத்தைப் பாதியாக்கி அச்சிட்டார்கள். பிறகு அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். பிலிம் அப்படியே இருக்க, பெட்டியில் எண் மட்டும் இரட்டிப்பானது. ஆகவே 1955ல் செய்த பெட்டியில் 100 என்று இருந்தால், புதிதாக இருந்தபோது அது இன்றைய கணக்கில் 200.

இனி சோதனை. ஒரு தாளை இதற்காகப் பலி கொடுக்கத்தான் வேண்டும். பெட்டியில் பத்துத் தாள்தானே இருக்கிறது என்று கஞ்சத்தனம் பார்த்தால் பத்தும் போய்விடும்.

முழு இருட்டில் பெட்டியைத் திறக்கிறீர்கள். எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. விரலால் ஓரத்தைத் தடவினால், மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் தட்டுப்படும். தாளை நெட்டுவாக்கில் பிடித்து, அந்த வெட்டு மேலே வலது மூலையில் இருந்தால் பூச்சுப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறது. வெட்டின் வடிவம் ஒவ்வொரு பிலிமுக்கும் வேறு. பெட்டியின் மேல் லேபிள் கிழிந்துபோயிருந்தாலும், உள்ளே இருப்பது இன்ன பிலிம் என்று விரலே சொல்லிவிடும். பழைய தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். பிய்த்து இழுக்காதீர்கள். ஒரு மூலையிலிருந்து மெதுவாக நெளித்துக் காற்றை விடுங்கள். பெட்டியின் மேலே கிடக்கும் முதல் தாளையும் அடியில் கிடக்கும் கடைசித் தாளையும் சோதனைக்கு எடுக்காதீர்கள், அவைதான் அதிகம் அடிபட்டவை. நடுவிலிருந்து ஒன்று.

அதிலிருந்து ஓர் அங்குல அகலத்துக்கு இரண்டு துண்டு நறுக்குங்கள். ஒன்றை நேராக ஹைப்போவில் போடுங்கள். டெவலப்பரே பார்க்காத அந்தத் துண்டு வெறும் பிளாஸ்டிக்காக வெளியே வரும். இன்னொன்றை வெளிச்சம் காட்டாமலே டெவலப்பரில் முழு நேரம் ஊறவிட்டுப் பிறகு ஹைப்போவில் போடுங்கள். இரண்டையும் கழுவிக் காயவைத்து, அருகருகே ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூட்டம். அடர்த்தி அளக்கும் கருவி இருந்தால் நல்லது, 0.3 என்றால் பாதி வெளிச்சத்தைத் தின்கிறது, 0.6 என்றால் முக்கால் பங்கை. கருவி இல்லையா, கேமராவில் இருக்கும் ஒளிமானி போதும். மீட்டருக்கு முன்னால் முதலில் ஒரு துண்டை வையுங்கள், பிறகு மற்றதை வையுங்கள். ஒரு ஸ்டாப் இறங்கினால் 0.3. இரண்டு ஸ்டாப் வரைக்கும் தாராளமாக வேலை செய்யலாம். நாலு ஸ்டாப் இறங்கினால் அந்தப் பெட்டியை நல்ல மனத்தோடு கைகழுவிவிடுங்கள்.

மூட்டம் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். வாயுவும் ஈரமும் பெட்டியின் ஓரம் வழியாகத்தான் நுழையும், அதனால் முதலில் கறுப்பது விளிம்பு. நடுவில் தெளிவாகவும் சுற்றிலும் கரை கட்டினாற்போலவும் இருந்தால், அந்தக் கரையை விட்டுக் காட்சியை நடுவில் அமைத்துக்கொள்ளலாம். முழுக்கப் புள்ளிப்புள்ளியாக இருந்தால் பூஞ்சை ஜெலட்டினைத் தின்றிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

அடுத்த சோதனை வேகத்துக்கு. முழுத் தாள் ஒன்றை ஹோல்டரில் போட்டு, பெட்டியில் எழுதிய வேகத்துக்கு எட்டில் ஒரு வினாடி சரியாக வரும்படி லென்ஸின் துளையை வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டரை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை முழுக்க இழுத்து எட்டில் ஒரு வினாடி கொடுங்கள். ஸ்லைடை ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி, மறுபடி எட்டில் ஒன்று. இன்னொரு பங்கு தள்ளிக் கால் வினாடி. பிறகு அரை. பிறகு ஒன்று. இப்போது தாளில் ஐந்து பட்டைகள் விழுந்திருக்கும்; எட்டில் ஒன்று, கால், அரை, ஒன்று, இரண்டு வினாடி என்று படிப்படியாக இரட்டிப்பாகி. கழுவிப் பார்க்கும்போது, எந்தப் பட்டையில் முதன்முதலாக நிழலுக்குள் இருக்கும் விவரம், மரத்தடியின் பட்டையோ கறுப்புச் சட்டையின் மடிப்போ, மூட்டத்துக்கு மேலே தலைதூக்கித் தெரிகிறதோ அதுதான் உங்கள் பெட்டியின் இன்றைய வேகம்.

பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டு என்று ஒரு வாய்ப்பாடு ஊரெல்லாம் உலவுகிறது. கலர் பிலிமுக்கு ஓரளவு பொருந்தும். கறுப்பு-வெள்ளைக்கு அதை அப்படியே போட்டால், 1974 பெட்டிக்கு ஐந்து ஸ்டாப் கூட்ட வேண்டும். நன்றாக இருந்த பிலிமை அதுவே கெடுத்துவிடும். 125 வேகப் பிலிம் ஓரளவு குளிர்ந்த இடத்தில் இருந்திருந்தால் 32 அல்லது 25 என்று வைத்து எடுத்தாலே போதுமானதாக இருப்பதைப் பார்க்கிறேன். லித் பிலிமுக்குப் பல சமயம் எதுவுமே கூட்ட வேண்டியதில்லை.

ஏன் கூடுதல் வெளிச்சம் கொடுக்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கோயில் குளத்தில் மழைத்தண்ணீர் ஏறினால் எந்தப் படி முழுகும்? அடிப்படிகள். மேல்படிகள் அப்படியே இருக்கும். நெகட்டிவில் அடிப்படிகள் நிழல்கள், மேல்படிகள் வானமும் வெள்ளை வேட்டியும். மூட்டம் ஏறினால் முழுகுவது நிழல்தான். தண்ணீரை இறைக்க முடியாது. ஆகவே கூடுதல் வெளிச்சம் கொடுத்து முழுக் காட்சியையும் இரண்டு படி மேலே ஏற்றிவைக்கிறோம்.

ஹோல்டரில் போடும் வேலை புதுப் பிலிமுக்கு எப்படியோ அப்படியேதான். ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் எடுக்காத பிலிம், கறுப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்தது. ஒன்று மட்டும் பழைய பிலிமுக்கு முக்கியம். எடுத்ததை அன்றே கழுவுங்கள். வயதான பூச்சில், விழுந்த உருவம் தானாகவே மங்க ஆரம்பிக்கிறது. மூட்டமோ ஏறிக்கொண்டே இருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது இதற்கு ஒத்துவராது.

இனி கழுவும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் வழக்கப்படி நடந்து தோற்கிறார்கள். டெவலப்பரில் எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவுக்கு மூட்டமும் வளரும். அதனால் குறைந்த நேரத்தில் வேலையை முடிக்கும் வீரியமான டெவலப்பர் தேவை. கோடக்கின் எச்.சி.-110 இதற்குப் பெயர் பெற்றது. கிடைக்காவிட்டால் டி-76ஐ நீங்களே கலந்துகொள்ளலாம்: மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். தண்ணீர் கலக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். நீர்த்த டெவலப்பரில் ஒரு மணி நேரம் அசைக்காமல் ஊறப்போடும் ஒரு பாணி இருக்கிறது. சோம்பேறிகளுக்கு ரொம்பப் பிடித்த முறை, புதுப் பிலிமுக்கு நல்லதும்கூட. முப்பது வருடம் தாண்டிய பிலிமில் அது மூட்டத்துக்கு எரு போடுவதாக முடியும்.

மூட்டத்தை அடக்கும் மருந்து பென்சோடிரையசோல். ஒரு சதவீதக் கரைசலாக்கி, லிட்டருக்குப் பத்து மில்லியில் ஆரம்பியுங்கள். பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது, சுடுதண்ணீர் வேண்டும். அளவை ஏற்ற ஏற்ற மூட்டம் குறையும், கூடவே வேகமும் குறையும். எனவே வேகச் சோதனையை இந்த மருந்தைச் சேர்த்த டெவலப்பரில்தான் செய்ய வேண்டும். மருந்தில்லாமல் சோதித்துவிட்டு மருந்தோடு கழுவினால் சோதனை வீண். பழைய ஸ்டுடியோக்காரர்கள் இதே காரியத்துக்குப் பொட்டாசியம் புரோமைடு போடுவார்கள். அதுவும் வேலை செய்யும், என் அனுபவத்தில் அது வேகத்தைச் சற்று அதிகமாகவே விழுங்குகிறது.

பிறகு சூடு. நூல்களில் 20 டிகிரி என்று போட்டிருக்கும். மே மாதத்தில் நம் குழாயில் வருவது 30க்கு மேலே. இந்தச் சூட்டில் பழைய ஜெலட்டின் பஞ்சுபோல ஊதிவிடும். ஓரத்தில் சுருக்கம் விழுந்து பிளாஸ்டிக்கிலிருந்து உரிந்துகொண்டு வரும். பெரிய தட்டில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, அதற்குள் டெவலப்பர்த் தட்டை உட்கார வையுங்கள். 18 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மூட்டமும் சேர்ந்து அடங்கும். அதற்காக 12, 13 என்று இறக்கிவிடாதீர்கள், ஹைட்ரோகுயினோன் அந்தக் குளிரில் வேலைநிறுத்தம் செய்துவிடும். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள்ளேயே போடுவோரும் உண்டு. கரைந்து அளவைக் குலைக்கும், வேண்டாம். ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாமே அதே சூட்டில் இருக்க வேண்டும். 18லிருந்து எடுத்த தாளை 30ல் போட்டால் ஜெலட்டின் வெடித்து வலைபோலக் கோடு விழும்.

தட்டில் கழுவும்போது புதுப் பிலிம் என்றால் ஐந்தாறு தாளை அடுக்கி, அடியில் இருப்பதை மேலே மாற்றி மாற்றிக் கழுவுவோம். பழைய பிலிமுக்கு ஒரு நேரத்தில் ஒரு தாள். நகம் பட்டாலே பூச்சு கிழியும். முதலில் வெறும் தண்ணீரில் ஊறவிடுங்கள்; தண்ணீர் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறினால் பயப்படாதீர்கள், பின்பக்கம் பூசிய சாயம் கரைகிறது. டெவலப்பரில் தட்டின் ஒரு மூலையைத் தூக்கி இறக்குங்கள், அடுத்து எதிர் மூலை. பிறகு குரோம் படிகாரக் கரைசலில் சற்று நேரம் வைத்தால் ஜெலட்டின் இறுகும். இதற்குக் கையுறை கட்டாயம். ஹைப்போவில் எவ்வளவு நேரம் என்றால், பால் நிறம் போய்த் தெளிய ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு. பழைய தாள்களில் வெள்ளிச் சத்து அதிகம், கடிகாரம் பார்க்காமல் தாளைப் பாருங்கள்.

எக்ஸ்ரே பிலிமைப் பற்றிக் கேட்பீர்கள். ஸ்கேன் மையங்கள் கம்ப்யூட்டருக்கு மாறியதும் நிறையப் பெட்டிகள் வெளியே வந்தன. விலை மலிவு. பச்சை, நீல வெளிச்சத்தை மட்டும் பார்க்கும், சிவப்பைப் பார்க்காது. ஆகவே சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தே கழுவலாம், ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் பூச்சு. தட்டில் அடிப்பக்கம் உராய்ந்து கீறல் விழும். தட்டுக்குள் வழவழப்பான கண்ணாடி ஒன்றைப் போட்டு அதன்மேல் கழுவுங்கள். சிவப்பைப் பார்க்காத பிலிமில் நம் தோல் நிறம் இருக்கிறதைவிடக் கறுப்பாக விழும், உதடு மை பூசியதுபோல இருக்கும். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் பவுடர் டப்பா வைத்திருந்தது வெறும் அலங்காரத்துக்கு இல்லை.

நெகட்டிவ் சாம்பல் பூத்து வந்தால் தோற்றுவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். மூட்டம் தாள் முழுக்க ஒரே சீராக இருந்தால், பிரிண்ட் போடும்போது அது வெறும் நேரக் கணக்கு. 0.3 என்றால் இரண்டு மடங்கு நேரம், 0.6 என்றால் நாலு மடங்கு. ஸ்கேன் செய்பவருக்கு அதுகூட இல்லை, கறுப்பின் அளவை நகர்த்தினால் முடிந்தது. சீராக இல்லாத மூட்டம்தான் உயிரை எடுக்கும். 1883ல் ஹோவர்ட் ஃபார்மர் கண்டுபிடித்த ரெட்யூசர் ஒன்று உண்டு. பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் ஹைப்போவையும் கலந்தது. நம் ஊர் டச்சிங் ஆட்களுக்குக் கை வந்த சரக்கு. எல்லா இடத்திலும் ஒரே அளவு வெள்ளியை அரிக்கும் என்பதால் மூட்டத்தை எடுக்க அருமையானது. ஆனால் நிழல் விவரமும் அடியில்தானே இருக்கிறது, அரை நிமிடம் அசந்தால் அதையும் கொண்டு போய்விடும். கூடுதல் வெளிச்சம் கொடுத்து எடுத்த நெகட்டிவாக இருந்தால்தான் இந்த விளையாட்டு.

இவ்வளவு பாடு எதற்கு, புதுப் பிலிம் வாங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், வாங்குங்கள். இங்கிலாந்தில் இல்ஃபோர்டும் அமெரிக்காவில் கோடக்கும் இன்னமும் கட் பிலிம் செய்கின்றன. விலைதான் தாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது. பெரிய கேமராவில் கைப்பழக்கம் வர, குனிவதும் போர்வைக்குள் நுழைவதும் தலைகீழ் உருவத்தைக் கூர்மையாக்குவதும் பழக, பழைய பிலிம் போதும். ஆனால் கல்யாணம், வயதான பாட்டி, இடிக்கப்போகிற வீடு, இதற்கெல்லாம் தேதி கடந்த பிலிமைக் கொண்டுபோகாதீர்கள். மூட்டம் அழகாக இருக்கிறது, பழைய வாசனை அடிக்கிறது என்று புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மூட்டம் விழுந்த படம் பலவற்றில் அழகு படத்தில் இல்லை, அது எந்த வருடத்துப் பிலிம் என்று அடியில் எழுதிய குறிப்பில்தான் இருக்கிறது. குறிப்பை மூடிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

முன்வரிசையில் ஒரு தம்பி கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். சீட்டில் எழுதி அனுப்பிய கேள்வியும் அதுவேதான்: மீதிப் பெட்டியை எப்படி வைப்பது? பாலித்தீன் பையில் போட்டு இறுக்கி ஒட்டி, ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வையுங்கள், மீனுக்குப் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. எடுத்த பிறகு பையைத் திறக்காமல் அரை நாள் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். பெட்டியின் மேல் நீங்கள் சோதித்துக் கண்ட வேகத்தையும் டெவலப்பரையும் மருந்தின் அளவையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். இந்த 1974 பெட்டியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: 32, டி-76, பென்சோ பத்து மில்லி, 18 டிகிரி. இதிலிருந்து வந்த நெகட்டிவ்கள் அந்த ஒளிப்பெட்டியின் மேல் இருக்கின்றன. வரிசையாக வந்து பாருங்கள், ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.